கேட்டது சரி, திருப்பிச் சொன்னீர்களா?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "கல்லூரியில் நடக்கும் சமூக ஆய்வுகள் கல்லூரி காம்பவுண்டைத் தாண்டுவதில்லை." அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் ஆமாம் என்கிறார்கள், பாதிப் பேர் நீங்கள் மட்டும் என்ன கிழித்தீர்கள் என்கிறார்கள். 31 வருடம் அரசுக் கல்லூரியில் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன் நான், அதனால் இரண்டு தரப்பும் சொல்வது சரிதான். இந்த மாதம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே பதில்.

சார், எம்.ஏ. பொருளியல் கடைசி வருடம் படிக்கிறேன். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ப்ராஜெக்ட். 60 பேரைப் பார்க்கச் சொன்னார்கள். 22 பேரைப் பார்த்தேன். மீதி 38 படிவத்தையும் ஹாஸ்டலில் உட்கார்ந்து நானே நிரப்பிவிட்டேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். ஆனாலும் உறுத்துகிறது.
– மாணவர், தென்காசி

உறுத்துகிறதே, அதுவரைக்கும் நல்லது தம்பி. அந்த 38-ஐக் கிழித்துப் போடுங்கள். 22 பேரை வைத்தே எழுதுங்கள், 22 பேர்தான் என்று முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். கைடு கோபித்துக்கொண்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். நீங்கள் நிரப்பிய 38 பேருக்கும் என்ன எழுதியிருப்பீர்கள் என்று நான் பார்க்காமலே சொல்வேன்: எல்லாருக்கும் இரண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் கூரை வீடு, எல்லாருக்கும் முதுகுவலி. நம் கற்பனை அவ்வளவுதான் போகும்.

நேரில் போனால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஊர்தான். மாணவர்களோடு ஒரு கணக்கெடுப்புக்குப் போயிருந்தேன். திண்ணையில் ஒரு அம்மா, மடியில் சுளகு, அதில் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் வெட்டி வைத்த இலை. என்னோடு வந்த பையன் படிவத்தைப் பார்த்தே "தொழில் என்னம்மா?" என்று கேட்கிறான். அந்த அம்மா கையை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், "வேல ஒண்ணும் இல்ல, வீட்லதான் சும்மா இருக்கேன்" என்கிறார். அவர் சும்மா இருந்த அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பீடி சுற்றினார் என்று நான் எண்ணவில்லை, ஆனால் சுளகின் ஓரத்தில் கட்டு ஏறிக்கொண்டே இருந்தது. பையன் "இல்லத்தரசி" என்று எழுதிவிட்டான். படிவத்தின்படி அவன் செய்தது சரி. அன்றைக்கு ராத்திரி நாங்கள் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினோம், அந்த வருடம் வகுப்பில் நான் நடத்திய எந்தப் பாடமும் அந்தளவுக்கு யாருக்கும் ஏறியிருக்காது. "தொழில் என்ன" என்பதை எடுத்துவிட்டு "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள்" என்று மாற்றினோம். பதில்கள் தலைகீழாக மாறின. ஹாஸ்டலில் உட்கார்ந்து நிரப்பினால் இந்தச் "சும்மா" உங்களுக்குக் கிடைக்குமா?

யார் படிக்கப் போகிறார்கள் என்கிறீர்கள். 1915 கடைசியில் கில்பர்ட் சிலேட்டர் என்று ஒருவர் இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்தார். வந்த இடத்தின் கிராமம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மாணவர்களுக்குத் தெரியும், அவர்கள் அங்கிருந்துதானே வருகிறார்கள். ஒரு கேள்வித் தொகுப்பைக் கையில் கொடுத்து, லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரைப் பற்றி எழுதிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் எங்கே வாங்குகிறார்கள் என்பது மாதிரி விஷயங்கள். அது 1918-ல் புத்தகமாக வந்தது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, நெல்லை கங்கைகொண்டான், தஞ்சைப் பக்கம் பாலக்குறிச்சி, காஞ்சிபுரத்தை ஒட்டிய தூசி, இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலைபுரம் எல்லாம் அதில் இருக்கின்றன. 1930-களில் பொருளியலாளர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1961-லும் வேறு சிலர் போனார்கள். இருவேல்பட்டுக்கு 1980-களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் போனார்கள், 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் போனார்கள். ஒரே ஊரின் தொண்ணூறு வருடக் கதை! பெரிய நிலக்காரர் பிடியில் இருந்த ஊர் எப்படி மெல்ல மெல்ல அந்தப் பிடியிலிருந்து நழுவியது, கூலிக்காரர்கள் எப்படி வயலை மட்டும் நம்பாமல் வெளியே வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள் என்று வரிசையாகப் பார்க்க முடிகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒரு மாணவனின் லீவு வீட்டுப்பாடம். அவன் மட்டும் 1916-ல் ஹாஸ்டலில் உட்கார்ந்து நிரப்பியிருந்தால்?

எங்கள் மகளிர் குழுவில் 14 பேர். பூ கட்டுகிறோம். வருடத்துக்கு இரண்டு தடவையாவது கல்லூரிப் பிள்ளைகள் வந்து வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, வீட்டுக்காரர் குடிப்பாரா என்றெல்லாம் கேட்கிறார்கள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?
– குழுத் தலைவி, நிலக்கோட்டை

வேண்டாம் தங்கச்சி. பிடிக்காவிட்டால் பேச மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, பாதியில் எழுந்து போகவும் உரிமை உண்டு. அதை முதலில் அந்தப் பிள்ளைகளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது எங்களைப் போன்ற வாத்தியார்களின் தப்பு.

ஆனால் விரட்டிவிடாதீர்கள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நீங்கள் கேளுங்கள். எந்தக் கல்லூரி, யார் உங்கள் சார், அவர் போன் நம்பர் என்ன, எங்கள் பெயர் வருமா, எழுதி முடித்ததும் எங்களுக்கு வந்து சொல்வீர்களா, எந்தத் தேதியில். தேதியை அழுத்திக் கேளுங்கள். குழு நோட்டில் எழுதி அந்தப் பிள்ளையிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள், நீங்கள் மட்டும்தான் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டுமா என்ன. வீட்டுக்காரர் குடிப்பாரா என்று நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்கிறவனுக்கு ஆய்வு செய்யத் தெரியவில்லை என்று அர்த்தம், அந்தக் கேள்வியைத் தாராளமாகத் தாண்டிவிடுங்கள்.

இன்னொன்று. "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அனுப்பிவிடாதீர்கள். முகூர்த்த மாதத்தில் ஒரு மாதிரி, ஆடியில் ஒரு மாதிரி, மழை பெய்து பூ நனைந்தால் ஒரு மாதிரி என்று உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் படிக்கிற பிள்ளைகள்தானே, உங்களிடம்தான் படிக்கட்டுமே.

மகள் பி.ஏ. வரலாறு எடுப்பேன் என்கிறாள். இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?
– ஒரு தந்தை, ஆவடி

எடுக்கட்டும். கீழடியில் 2014-15-ல் தோண்ட ஆரம்பித்தபோது அந்தத் தென்னந்தோப்புக்காரர்களுக்கும் உங்கள் கேள்விதான் இருந்திருக்கும். இப்போது அங்கே அருங்காட்சியகம், வாசலில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். வேலை கிடைக்குமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்றால், அரசுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், எந்தப் பாடப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள் என்று.

எங்கள் கல்லூரியில் விரிவாக்கப் பணி என்றால் பேனர், மரக்கன்று, இடம் பதிந்த ஜியோடேக் போட்டோ. ஆய்வு என்றால் கருத்தரங்க மலரில் கட்டுரை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. உருப்படியாக ஏதாவது செய்ய ஆசை. எங்கிருந்து ஆரம்பிக்க? நான் சமூகவியல்.
– உதவிப் பேராசிரியை, விருதுநகர் மாவட்டம்

பேனரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பக்கம் போதாது மேடம். ஒரே மரக்கன்றை மூன்று வருடம் மூன்று கல்லூரி முதல்வர்கள் ஒரே குழியில் நட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆடு ஒன்று அந்தத் திட்டத்தின் நிரந்தரப் பயனாளியாக இருந்தது.

ஏற்கனவே கையில் இருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். நாட்டு நலப்பணித் திட்டம் 1969-ல் காந்தி நூற்றாண்டில் தொடங்கியது, ஒவ்வொரு கல்லூரியும் கிராமம் தத்தெடுத்து ஏழு நாள் முகாம் போடுகிறது. ஏழு நாள் ஊரிலேயே தங்குகிற ஐம்பது இளைஞர்கள்! எந்த ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இந்த வசதி இருக்கிறது? அவர்களை வைத்து நாம் கோயில் பிரகாரத்தைக் கூட்ட வைக்கிறோம். கூட்டட்டும், காலையில் கூட்டட்டும். சாயங்காலம் ஒரு கேள்வியோடு தெருவுக்குப் போகட்டும். ஒரே ஒரு கேள்வி போதும், அதுவும் அந்த ஊர்க்காரர்கள் தினமும் புலம்புகிற கேள்வியாக இருக்க வேண்டும்.

நாங்கள் ஒரு தடவை தண்ணீரை எடுத்துக்கொண்டோம். எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் குழாயில் வருகிறது. நாலு நாள் பிள்ளைகள் குடத்தை எண்ணினார்கள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஊரையே வரைந்தார்கள், தெரு, தொட்டி, குழாய் எல்லாம். வருகிற குழாய் நீலம், வராதது சிவப்பு. முதலில் சின்னப் பிள்ளைகள் வந்தார்கள், "எங்க வீடு எங்க" என்று. அப்புறம் பெண்கள். ஒரு பாட்டி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு படத்துக்கு நடுவிலேயே நடந்து போய் ஒரு நீலக் குழாயைக் காலால் தேய்த்து அழித்தார். "இது வந்து மூணு வருசமாச்சு." பஞ்சாயத்து ஆபீஸ் கொடுத்த பட்டியலைப் பார்த்து எங்கள் பையன் அதை நீலமாகப் போட்டிருந்தான், அந்தச் சந்துக்கு அவன் போகவே இல்லை! மற்ற பாட்டிகளுக்கும் தைரியம் வந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் நாங்கள் வரைந்த படம் பாதி அழிந்து, ஊர் வரைந்த படமாகிவிட்டது. அதைத்தான் சார்ட்டில் நகல் எடுத்தோம்.

அந்தச் சந்துக்குத் தண்ணீர் வந்ததா என்று கேட்பீர்கள். நான் ஓய்வு பெறும் வரை வரவில்லை. ஆனால் அந்தச் சார்ட்டை ஒரு பெண் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிராம சபைக்கும் எடுத்துக்கொண்டு போனார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். தலைவருக்கு அந்தச் சார்ட்டைக் கண்டாலே ஆகாதாம்.

கிராம சபை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது. தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு நாள் அது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஆய்வு முடிவைச் சொல்ல இதைவிடப் பெரிய கருத்தரங்கம் எங்கே கிடைக்கும்? ஒரே ஒரு தாள், பெரிய எழுத்து, பேச்சுத் தமிழ், ஐந்து நிமிடம். "கண்டறிதல்கள்", "பரிந்துரைகள்" என்று தலைப்புப் போட்டால் முதல் வரிசை எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். "தெற்குத் தெருவுக்கு 20 நிமிஷம், வடக்குத் தெருவுக்கு 50 நிமிஷம்" என்று ஆரம்பியுங்கள், கூட்டம் அசையாது.

கேரளத்தில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டம் கல்யாசேரி மாதிரி பஞ்சாயத்துகளில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் ஆராய்ச்சியாளர்களும் ஊர்த் தொண்டர்களோடு சேர்ந்து மண், நீர், நிலம் என்று வரைபடம் போட்டார்கள். 1996-ல் மக்கள் திட்டம் என்று மாநிலமே அந்த வழியில் இறங்கியதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். நம் ஊரிலும் ஆள் இல்லாமல் இல்லை. 1990-களில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துக்குப் புதுக்கோட்டையிலும் மற்ற மாவட்டங்களிலும் இரவுகளில் ஊர் ஊராகப் போனவர்களில் கல்லூரி வாத்தியார்கள் நிறைய. அவர்கள் யாருக்கும் அதற்காகப் பதவி உயர்வுப் புள்ளி கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. உங்களுக்கும் கிடைக்காது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கருத்தரங்கக் கட்டுரையையும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இருங்கள்.

என் பாட்டி ஒப்பாரி பாடுவார். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு பேராசிரியர் வந்து இரண்டு நாள் பதிவு செய்துகொண்டு போனார். போன மாதம் ஒரு புத்தகக் கடையில் பார்க்கிறேன், பாட்டியின் பாட்டுகள் வரிக்கு வரி இருக்கின்றன. அட்டையில் அவர் பெயர், உள்ளே நன்றியுரையில் துணைவேந்தர் பெயர், மனைவி பெயர், டைப் அடித்தவர் பெயர். பாட்டி பெயர் எங்கேயும் இல்லை. பாட்டி இப்போது இல்லை.
– விளாத்திகுளம் வாசகர்

படித்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பேராசிரியர் யார் என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் இங்கே போடவில்லை, அவர் தரப்பைக் கேட்காமல் போடுவது முறையில்லை. பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அடுத்த பதிப்பில் பாட்டியின் பெயர், ஊர், பாடிய ஆண்டு மூன்றும் வர வேண்டும் என்று. பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுத்தது என்றால் அந்தத் துறைத் தலைவருக்கும் ஒரு நகல். பதிவு செய்த ஒலிநாடா யாரிடம் இருக்கிறது என்று கேட்டு ஒரு பிரதி வாங்குங்கள். புத்தகத்தைவிட அதுதான் உங்களுக்கு முக்கியம், பாட்டியின் குரல் அதில் இருக்கிறது.

உங்கள் விளாத்திகுளத்தைச் சொன்னதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நா. வானமாமலை 1960-களில் தொகுத்த நாட்டுப்பாடல் தொகுப்பை எங்கேயாவது எடுத்துப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு கீழே சின்ன எழுத்தில் "சேகரித்தவர்" என்று ஒரு பெயர், "இடம்" என்று ஒரு ஊர். விளாத்திகுளம் வட்டத்து ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வரும். அவர் எந்தக் கல்லூரித் துறைக்கும் தலைவராக இருந்தவர் இல்லை, பாளையங்கோட்டையில் நெல்லை ஆய்வுக் குழு என்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, 'ஆராய்ச்சி' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார். இன்னும் முன்னால் போனால் உ.வே.சா. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானவர், சீவக சிந்தாமணியில் சமணச் சங்கதிகள் புரியாமல் திண்டாடியபோது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் எழுதிக் கேட்கவில்லை. அதே ஊரில் இருந்த சமணர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். 1887-ல் நூல் வந்தது. ஏடு கொடுத்தவர்களின் பெயரை ஊரோடு முகவுரையில் வரிசையாக எழுதுவது அவர் வழக்கம். போன் இல்லை, கணினி இல்லை, அவ்வளவு வேலைக்கு நடுவில் அவருக்கு அதற்கு நேரம் இருந்தது.

எங்கள் கல்லூரி மாணவர்கள் டீக்கடைகளைப் பற்றி ஆய்வு செய்து, எந்தெந்த ஊரில் இன்னமும் தனி டம்ளர் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் முதல்வரிடம் வந்து சண்டை. மக்களிடம் கொண்டு போ, கொண்டு போ என்கிறீர்களே, இதையுமா?
– பெயர் வேண்டாம் என்ற பேராசிரியர்

இதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை சார். எனக்கும் நடந்திருக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கூலி பற்றி ஒரு மாணவி எழுதிய ஆய்வை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள், பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் பெருமையாக இல்லை.

"மக்களிடம் கொண்டு போ" என்கிறபோது ஊர் என்று ஒன்று ஒற்றையாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். தனி டம்ளரை எடுத்து வைக்கிறவரும் ஊர்தான், அதில் குடிக்கிறவரும் ஊர்தான். முதல்வர் அறைக்கு வந்தவர்கள் எந்தப் பாதி என்று உங்களுக்கே தெரியும். மற்றப் பாதி என்ன சொல்கிறது என்று யாராவது போய்க் கேட்டீர்களா? சிலேட்டருடைய மாணவர்களைப் பற்றி மேலே பெருமையாக எழுதினேன், ஆனால் 1916-ல் கல்லூரி வரைக்கும் படிக்க யாருக்கு வசதி இருந்திருக்கும்? பெரும்பாலும் நிலக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தானே. கூலிக்காரரிடம் போய் "உனக்குக் கூலி போதுமா" என்று பண்ணையார் வீட்டுப் பையன் கேட்டால் என்ன பதில் வரும்? ஆகவே கேட்பது யார் என்பதை ஆய்வில் எழுதுங்கள். உங்கள் மாணவர்களில் அந்தத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள் இருப்பார்கள், அவர்களை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள், ஆனால் அடி விழும் என்றால் அதற்கு நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும்.

நடைமுறையாகச் சொன்னால், ஊர்ப் பெயரை மாற்றுங்கள், கடைக்காரர் பெயரை எடுத்துவிடுங்கள், பேசியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்யுங்கள். படிவங்களைத் துறை அலமாரியில் திறந்து போடாதீர்கள். எண்ணிக்கையை மட்டும் மாற்றாதீர்கள். சொல்ல வேண்டிய இடம் கிராம சபையாக இல்லாமல் ஆதிதிராவிடர் நல அலுவலராகவும் இருக்கலாம். தகவல் கொடுத்தவர்களிடமே முதலில் போய், இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொன்னால் உங்களுக்கு ஆபத்து என்று கேளுங்கள். முதல்வருக்கு அவர்களைவிடக் கூடுதலாக எதுவும் தெரியாது.

தாத்தா வைத்திருந்த டிரங்குப் பெட்டியில் 1940-களிலிருந்து மொய் நோட்டுகள், கடன் பத்திரங்கள், ஊர்க்கூட்டத்தில் எழுதிய ஒப்பந்தக் காகிதங்கள் இருக்கின்றன. உள்ளூர் கல்லூரி வரலாற்றுத் துறைக்குக் கொடுத்துவிடலாமா? மனைவி பழைய பேப்பர்காரருக்குப் போடச் சொல்கிறாள்.
– காரைக்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்

ஐயா, முதலில் பெட்டியை அந்த அம்மா கண்ணில் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

மொய் நோட்டை விளையாட்டாக நினைக்காதீர்கள். யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், ரூபாயாகச் செய்தார்களா நெல்லாகச் செய்தார்களா, யார் பெயருக்கு முன்னால் "திரு" இருக்கிறது, யார் பெயர் வெறும் பெயராக இருக்கிறது, பெண்கள் பெயரில் மொய் எப்போது வர ஆரம்பித்தது, ரங்கூன், கொழும்பு, பினாங்கு என்று எத்தனை வரி. ஒரு குடும்பத்தின் நாற்பது வருட மொய் நோட்டை வரிசையாக வைத்தால் நல்ல மாணவன் ஒருவன் ஆய்வேடே எழுதிவிடுவான். ஊர்க்கூட்டக் காகிதங்கள் இன்னும் அருமை. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இப்படி வீடுகளில் கிடந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடித் தேடிப் படமெடுத்தது, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில் அதற்குப் பணம் கிடைத்தது. மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அந்தத் திட்டத்தின் விதி.

உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான் கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார், பூச்சி அரிக்காமல் காக்கத் தன் கைப்பக்குவத்தில் மருந்தும் வைத்திருந்தார். 1992-ல் அவர் காலமான பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, அது சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. தமிழ் அச்சு வரலாறு எழுதுகிற எந்தப் பேராசிரியரும் அந்தக் கோட்டையூர்க்காரருக்குக் கடன்பட்டவர்தான்.

உள்ளூர் கல்லூரிக்குக் கொடுக்கலாமா? மூலத்தைக் கொடுக்காதீர்கள், படமெடுக்க விடுங்கள். துறையில் ஆர்வமான ஒரு ஆசிரியர் இருக்கும் வரைதான் அங்கே எல்லாம் பத்திரம். அவருக்கு டிரான்ஸ்பர் வந்தால் அடுத்த வெள்ளையடிப்பில் உங்கள் பெட்டி வராந்தாவுக்கு வரும். மாணவர்கள் உங்கள் வீட்டுக்கே வரட்டும், ஹாலில் ஜன்னல் பக்கமாக வெள்ளைத் துணி விரித்து, போனிலேயே பக்கம் பக்கமாக எடுக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம். கடன் பத்திரத்தில் இருக்கிற பெயர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் உங்கள் தெருவில்தான் இருப்பார்கள், அதனால் எதை வெளியிடலாம், எதை இப்போதைக்கு வேண்டாம் என்று நீங்களும் அவர்களும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். எடுத்து முடித்த படங்களின் முழுப் பிரதி ஒரு பென்டிரைவில் உங்களுக்கும் வர வேண்டும்.

அது வரைக்கும் பெட்டியில் ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் இருந்தால் எடுத்துவிடுங்கள். துணியில் சுற்றி வையுங்கள். தப்பித்தவறிக்கூட லேமினேட் பண்ணிவிடாதீர்கள்.